பொருத்தம்

போன மாசியில்
ரெம்ஷைட் ஏற்றத்தின் பாதியில்
அம்மியில் உலக்கை விழுந்த மாதிரி ஒரு சத்தம்.
கண்ணாடி முழுக்க நீலப் புகை.
குனிந்து பார்த்தால் எஞ்சினின் விலாவில்
கை நுழையும் அளவுக்கு ஓட்டை.

பின்னால் எட்டுத் தூண், சிவப்புப் பட்டு,
இரண்டு குத்துவிளக்கு.
மணவறை அன்றைக்கு வாடகை லொறியில்
முக்கால் மணி நேரம் பிந்திப் போனது.
ஐயர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

வான் பிறந்தது எண்பத்தேழில்.
தகரம் வெட்டி ஒட்டி, துரு சுரண்டி,
இரண்டு குளிர்காலம் அதற்கே கொடுத்திருக்கிறோம்.
இப்போது அதற்கு ஒரு நெஞ்சு பார்க்க வேண்டும்.

தவநேசனுக்குப் பிடித்தது நூற்றுப்பத்துக் குதிரை.
"ஏத்தத்தில சும்மா பறக்கும்."
பறக்கும்தான்.
நம்பர் பலகையின் கடைசியில் இருக்கிற எச் எழுத்தும்
கூடவே பறந்துபோகும், வரி ஏறும்.
ஜப்பான் எஞ்சினுக்குக் குரல் நல்லது,
தண்ணீர்க் குழாய் எல்லாம் புதிதாகப் போட வேண்டும்,
பெட்ரோலும் குடிக்கும்.
மின்மோட்டாரின் விலையைப் படித்துவிட்டு
ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி குடித்தோம்.
பழையதைப் போலவே ஐம்பது குதிரையில் ஒன்று வாங்கினால்
சகல பொருத்தமும் உண்டு,
சைக்கிள்காரன் முந்துவான்.

பிறகு ஹோல்கர் கூப்பிட்டான்.

வுப்பர் ஆற்றோரம் அவனுடைய பழைய இரும்பு முற்றம்.
தொங்கு ரயில் தலைக்கு மேலே போகும்போதெல்லாம்
பேச்சை நிறுத்திக் காத்திருக்க வேண்டும்.
மரப்பலகை மேல் ஒரு டர்போ டீசல்,
எழுபது குதிரை, வானுக்கும் அதற்கும் ஒரே வயது.
ஓடியது வெறும் ஐம்பத்தெட்டாயிரம்.

எங்கே வேலை செய்தது என்று கேட்டேன்.
ரயில் போகும்வரை கையைத் துடைத்தான்.
"பிண வண்டியில்" என்றான்.
"பார்மனில் ஒரே குடும்பம், முப்பத்தொரு வருஷம்.
எண்ணெய் தவறாமல் மாற்றினார்கள்.
ஒருநாளும் அவசரப்பட்டதில்லை."

தவநேசன் இரண்டடி பின்வாங்கினான்.
"கலியாணக்காரருக்குத் தெரிஞ்சால்?"

ஹோல்கர் பாட்டரியைக் கொழுவி உதைக்க விட்டான்.
இருமவில்லை. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்.
அமுக்கம் அளந்த துண்டில்
முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு.
"உனக்கும் எனக்குமே இவ்வளவு பொருந்தயில்லை" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.

இந்த மாதிரி வானில் எஞ்சின் பின்னால் இருக்கும்,
தளத்துக்குக் கீழே.
அவர்கள் எல்லாரும் இதன் மேல்தான்
படுத்துப் போயிருப்பார்கள், பூவோடு.
என் தூண்களும் அதே இடத்தில்தான்
படுத்து வரும், பூவோடு.
இதை நான் அவனுக்குச் சொல்லவில்லை.

இரவு இரண்டு மணிக்கு இருட்டில் கேட்டான்:
"அதுக்குப் பின்னால வந்த ஒருத்தரும்
ஹோர்ன் அடிச்சிருக்க மாட்டினம், என்ன?"
"மாட்டினம்" என்றேன்.
காலையில் அவனே போய்
ஆயிரத்து எண்ணூற்றைம்பதுக்குப் பேசி முடித்துவிட்டு,
துருக்கிக் கடையில் நாலு எலுமிச்சம்பழத்தோடு வந்தான்.
சில்லுக்கு ஒன்று.

பரிசோதனைக்காரர் புகையை அளந்தார்,
எஞ்சின் எண்ணை டார்ச் அடித்துப் படித்தார்.
முன்னால் என்ன சுமந்தது என்று கேட்க
அவருடைய தாளில் கட்டம் இல்லை.

வைகாசியில் முதல் ஓட்டம்.
சோலிங்கனில் ஒரு சுகிர்தாவுக்குக் கலியாணம்.
முகூர்த்தம் பத்தரைக்கு, மணி எட்டு ஐந்து,
அதே ஏற்றம், மூன்றாம் கியர்.
பின்னால் வந்த வெள்ளைக் காருக்குப் பொறுமை இல்லை.
நீளமாக ஒரு ஹோர்ன்.

தவநேசன் என்னைப் பார்த்தான்.
அடியில் இருந்ததற்கு இது புதுச் சத்தம்.
கொஞ்சம் மிதித்தேன்.